எந்த எண்ணெய்?

நவம்பர் 8, சனி

இன்றைக்கும் அடுப்புக் கதைதான். காலமைத் தேத்தண்ணியோடு தொடங்கியது. வருகிற மார்ச்சில் விறகு அடுப்பில் மேப்பிள் சாற்றைப் பாணியாகக் காய்ச்சுவதில்லை, எண்ணெய் அடுப்பு வாங்குவது என்று என் மனிசி பவளம் முடிவு கட்டிவிட்டாள். என்னிடம் கேட்டதெல்லாம் ஒரு மரியாதைக்கு.

இந்த மேப்பிள் காட்டை வாங்கிக்கொண்டு ரொறன்ரோவை விட்டு வந்த நாளிலிருந்து பாணிக் கொட்டிலில் அடுப்புக்கு விறகு போடுகிறவன் நான். மரத்தில் சாறு எடுப்பது, வடிப்பது, போத்தலில் அடைப்பது, ஆட்களோடு கதைத்து விற்பது எல்லாம் அவள். நெருப்பு மட்டும் என்னுடையது. பாணி வாங்க வருகிற சனம் என்னையும் அடுப்பையும் சேர்த்துத்தான் படம் எடுத்துக்கொண்டு போகும். இனி நான் ஒரு சுவிச்சுக்குப் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டவேண்டும்.

"ஒயில் எண்டா தட்டினாப் பத்தும், தட்டினா நிக்கும். விறகுக்குப் பின்னால ஓடித் திரியத் தேவையில்லை" என்றாள்.

"ஒயில் இல்லை, எண்ணெய். தமிழில ஒரு சொல்லு இருக்கேக்க ஏன் கடன் வாங்கிறாய்?"

"உங்களுக்கு எண்ணெய், எனக்கு ஒயில். எரியிறது ஒண்டுதானே."

ஊரில் சங்கக்கடை மனேச்சராக இருந்தபோது தலைமையகத்துக்கே தமிழில் எழுதிப் பேச்சு வாங்கியவன் நான். இந்த வயதில் அவளுக்காக மாறப்போவதில்லை. (மனேச்சர் என்பது பதவிப் பெயர். அது வேறு.)

பிறகு, போன மார்ச்சில் விறகுக் குவியலடியில் நான் விழுந்ததை இழுத்தாள். ஐஸ் வழுக்கியது, அவ்வளவுதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேனாம். சேட்டுப் பைக்குள் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டதா என்று தடவிப் பார்த்தேன். பிள்ளைகளுக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டாள், அப்பா நெஞ்சைப் பிடித்தவர் என்று. விசர்க் கதை.

நவம்பர் 12, புதன்

தயிர் பழுதாகிவிட்டதா என்று மணந்து பார்க்கச் சொன்னாள். பழுதாகவில்லை. கொரோனா வந்துபோனதிலிருந்து பவளத்துக்கு மணம் தெரியாது. வைத்தியர்கள் வரும் வரும் என்றார்கள், வரவில்லை. இந்த வீட்டில் இப்போது இருப்பது ஒரே ஒரு மூக்கு. அது என்னுடையது.

நவம்பர் 22, சனி

அடுப்பு விற்கிற கடைக்குப் போய்வந்தோம். வழி முழுக்கப் பனித்தூறல். கடைக்குள் வரிசையாக அடுப்புகள், மேலே பளபளவென்று தகரச் சட்டிகள். கடைக்காரர் என்னைப் பார்த்துத்தான் கதைக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அவள் பக்கம் திரும்பிவிட்டார். பிஸ்கட் தொழிற்சாலையில், சுடுகிற போறணைகளுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவள் அல்லவா. சுவாலை என்ன நிறத்தில் எரியவேண்டும், வருசத்துக்கு ஒருக்கால் யார் வந்து துப்புரவு செய்வது, கரண்ட் நின்றுவிட்டால் சட்டி கருகாதா என்றெல்லாம் கேட்டாள். விறகென்றால் நெருப்பு தன் பாட்டில் எரியும், சாறு வற்றினால் சட்டி போய்விடும். எண்ணெய் அடுப்பு கரண்டோடு சேர்ந்து தானும் நின்றுவிடுமாம். அது நல்லதுதான். நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. பாணியில் எண்ணெய் மணம் ஏறாதா?

கடைக்காரர் சிரித்தார். சுவாலை கீழே மூடின அறைக்குள், பாணி மேலே சட்டியில், இரண்டும் சந்திக்க வழியே இல்லை என்றார். ஆனால் அந்தக் கேள்வி பவளத்தின் மனதில் தங்கிவிட்டது. காரில் வரும்போது, "ஏனப்பா, அப்பிடி மணம் வந்தாலும் எனக்குத் தெரியாதே" என்றாள்.

"நான் இருக்கிறன்தானே" என்றேன்.

டிசம்பர் 6, சனி

காற்றூதி வைத்த புதுமாதிரி விறகு அடுப்பு ஒன்றை விளம்பரத்தில் கண்டுபிடித்தேன். பாதி விறகு போதும். அடிக்கடி கதவைத் திறக்கத் தேவையில்லை. பெரிய ஆளைப்போல அவளுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தாள்.

"நல்ல அடுப்புத்தான். அந்தப் பாதி விறகை ஆர் பிளக்கிறது?"

"நான்."

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் சண்டை பிடித்திருந்தால் நான் வென்றிருப்பேன்.

டிசம்பர் 13, சனி

எண்ணெய் அடுப்புக்குச் சொல்லியாகிவிட்டது. கடைக்காரர் இரண்டு பேருடைய கையெழுத்தையும் கேட்டார். "உன்ர அடுப்பு, நீ போடு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து காருக்குள் இருந்தேன். அவள் வரச் சுணங்கியது. வந்தபோது முகம் சோர்ந்திருந்தது. வழியில் எனக்குப் பிடித்த கோப்பி வாங்கித் தந்தாள். குடித்தேன். கதைக்கவில்லை.

ஜனவரி 31, சனி

அடுப்பு வந்து இறங்கியது. கொட்டிலின் மற்றப் பக்கத் தொங்கலில் பூட்டினார்கள். பழையதைக் கழற்றிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார்கள். "இருக்கட்டும்" என்றேன். பவளம் தடுக்கவில்லை. டீசல் எண்ணெய் நிறைத்த தாங்கி வெளியே நிற்கிறது, குளிருக்குள் நிற்கிற பன்றி மாதிரி.

பக்கத்துக் காணிக்காரர் க்ளென் வந்து பார்த்தார். ஆள் எழுபதைத் தாண்டியவர், பிறந்ததிலிருந்து இதே ரோட்டில் இருப்பவர். நல்ல சாமான் என்றார். பவளத்தின் முதுகில் தட்டி, சரியாகத்தான் தெரிந்தெடுத்திருக்கிறாய் என்றார். அவளுக்கு வாயெல்லாம் பல்லு.

மார்ச் 10, செவ்வாய்

சாறு ஓடத் தொடங்கிவிட்டது. இரவு உறைகிறது, பகல் இளகுகிறது, சரியான காலநிலை. பவளம் குழாய்களைப் பார்த்துக்கொண்டு காடு முழுக்கத் திரிகிறாள். நாளைக்கு முதல் பாணி.

மார்ச் 11, புதன்

முதல் நாள் என்றபடியால் வழக்கம்போலக் கொட்டில் மூலையில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் விளக்குக் கொளுத்தினேன். திரிக்கு விட்டுவிட்டு நல்லெண்ணெய்ப் போத்தலைப் பக்கத்துத் தட்டில் வைத்தேன். பவளம் கும்பிட்டுவிட்டுப் போய்ச் சுவிச்சைத் தட்டினாள். ஒரு உறுமல். அவ்வளவுதான். பற்றவைக்கத் தும்பு இல்லை, ஊதல் இல்லை, கண் எரிச்சல் இல்லை. கோப்பி ஆறமுன் சட்டி முழுவதும் துள்ளிக்கொண்டு நின்றது. எனக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"இது கடும் கொதி. நுரை தள்ளும். வீட்டில இருந்து வெண்ணெயை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றாள். பிறகும் ஒருக்கால் சொன்னாள். நுரை எழும்பினால் ஒரு பொட்டு வெண்ணெய் போட அடங்கும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். விறகு அடுப்பில் நான் கதவைக் கொஞ்சம் திறந்தே நுரையை அடக்கிவிடுவேன். எனக்கு இவள் வெண்ணெய் படிப்பிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு எழும்பாமல் இருந்தேன்.

அவள் வெளியே தாங்கியைப் பார்க்கப் போன நேரம் நுரை எழும்பியது. எழும்பியதென்றால் சட்டி விளிம்பைத் தாண்டி, வெள்ளை வெளேரென்று, என் நெஞ்சு மட்டத்துக்கு. சுவிச்சு எந்தப் பக்கம் என்றே எனக்கு மறந்துபோனது. கைக்கு எட்டியது விளக்கடிப் போத்தல். ஒரு துளி விடத்தான் சரித்தேன், அவசரத்தில் நிறைய ஊற்றுப்பட்டுவிட்டது. நுரை பொசுக்கென்று அடங்கியது. நல்ல காலம்.

பவளம் உள்ளே வந்து சட்டியைப் பார்த்தாள். "வெண்ணெய் போட்டனீங்களோ?"

"ஓம்."

"மணம் எப்பிடி?"

"பாணி மணம்தான்."

ஒரு பீப்பாய் நிறைந்தது. நல்ல நாள்.

மார்ச் 12, வியாழன்

முதல் போத்தல் க்ளென் வீட்டுக்குப் போவது வழக்கம். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்கமுன் திறந்து மணந்து பார்த்தேன். பின்னுக்கு ஏதோ கொஞ்சம் கனதியாக இருந்தது. ஆற ஆறப் போய்விடும்.

மார்ச் 13, வெள்ளி

திரும்பவும் கடும் குளிர். சாறு நின்றுவிட்டது.

மார்ச் 18, புதன்

பாணியை மொத்தமாக வாங்குகிற கம்பனிக்காரர் வந்தார். பீப்பாயைத் திறந்து கரண்டியால் எடுத்து வாயில் வைத்தார். பிறகு வெளியே போய்த் துப்பினார். இதில் எண்ணெய் கலந்திருக்கிறது, என்ன எரிக்கிறீர்கள் என்று கேட்டார். பவளம் புது அடுப்பைக் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார். பீப்பாயை எடுக்காமல் போய்விட்டார்.

அவள் பீப்பாயைக் குனிந்து பார்த்தாள். பிறகு கரண்டியைத் தோய்த்து என் மூக்கடிக்குக் கொண்டுவந்தாள்.

"வடிவா மணந்து சொல்லுங்கோ. ஒயில் மணக்குதோ?"

மணந்தேன். தோசைக்கல்லில் எண்ணெய் தடவினால் வருகிற மணம். இவளுக்கு மூக்கு இருந்திருந்தால் என்னிடம் கேட்டிருக்கவே மாட்டாள்.

"எண்ணெய் மணக்குது" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. என் பாட்டில் நான் எப்போதும் சொல்கிற சொல்லைத்தான் சொன்னேன். அவள் போய் அடுப்பின் பெரிய சுவிச்சை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மார்ச் 19, வியாழன்

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழும்பினேன். சொல்வதென்றால் வெண்ணெய் எடுக்கப் போகாததைச் சொல்லவேண்டும், போட்டேன் என்று சொன்னதைச் சொல்லவேண்டும், பிறகு நேற்றையதைச் சொல்லவேண்டும். எந்த முனையில் பிடிப்பது என்று தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். சாப்பிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

அடுப்புக் கடையிலிருந்து மெக்கானிக் வந்து முழுவதையும் கழற்றிப் பார்த்தான். ஒழுக்கு இல்லை, புகை கசியவில்லை, எல்லாம் சரி என்றான். க்ளெனும் வந்து நின்றார். வாழ்நாள் முழுக்க ட்ராக்ரரோடு கிடந்தவன் நான், டீசல் மணம் எனக்குத் தெரியாதா, இது அது இல்லை, எனக்கென்றால் கச்சான் கடலை மாதிரி ருசியாக இருக்கிறது, என் போத்தலை நான் தரமாட்டேன் என்றார்.

பவளம் அவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்ன மறுமொழி என் காதில் இன்னும் கிடக்கிறது. என் மனிசன் மணந்து சொன்னவர், அவருடைய மூக்கு பிழைக்காது என்றாள்.

க்ளென் என்னைப் பார்த்தார். நான் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினேன். அது கட்டித்தான் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 21, சனி

சாறு ஓடுகிறது. காய்ச்சாவிட்டால் பழுதாகிவிடும். "பழைய அடுப்பைப் பத்தவைப்பம்" என்று அவளே சொன்னாள். பத்தவைத்தேன். நெருப்புப் பிடித்தவுடன் எனக்குச் சந்தோசமாக இருந்தது. இருந்ததை இல்லை என்று எழுதமுடியாது.

மார்ச் 28, சனி

நல்ல சனம் இன்றைக்கு. குழந்தை குட்டியோடு ஒரு வான் வண்டியில் வந்தார்கள். என்னை அடுப்புக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். விறகில் காய்ச்சினால்தான் அசல் ருசி என்று அவர்களுக்கு விளங்கப்படுத்தினேன். நன்றாகத்தான் கதைத்தேன்.

அந்த நேரம் பவளம் விறகோடு வந்தாள். இந்தக் கிழமை முழுக்க விறகு சுமப்பது அவள்தான். நான் தூக்கப் போனால் கையிலிருந்து பறிக்கிறாள். "நீங்கள் போடுங்கோ, நான் கொண்டுவந்து தாறன். உங்கட நெஞ்சு இருக்கிற சீருக்கு..." என்று தொடங்கி, ஆட்கள் நிற்பதைக் கண்டு நிறுத்திவிட்டாள். சனம் அவளைத் தள்ளி நிற்கச் சொன்னது, படத்துக்குள் விழுகிறாள் என்று.

பின்னேரம் அடுப்புக் கதவில் முழங்கைக்குக் கீழே சுட்டுக்கொண்டாள். நான் மருந்து பூசினேன். "உங்களுக்கு அப்பவே தெரியும் என்னப்பா, கடையில நிண்டு கேட்டனீங்கள், எண்ணெய் மணம் ஏறாதோ எண்டு. நான்தான் கேக்கேல்லை" என்றாள்.

நான் மருந்துக் குப்பியின் மூடியைத் தேடினேன்.

மார்ச் 30, திங்கள்

மழை. வேலை இல்லை. அவள் பகலில் படுத்திருந்தாள். அவள் பகலில் படுப்பதில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

அடுப்புக் கடையிலிருந்து போன். அவள் கேட்டபடி அடுப்பைத் திருப்பி எடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை லொறி வரும். பவளம் தாங்க்யூ தாங்க்யூ என்று சொல்லிப் போனை வைத்தாள்.

"போறணை போறணையா வாங்கிப் பூட்டினனான். ஒண்டும் பிழைக்கேல்லை. இப்ப வயது போட்டுது எனக்கு. இனி உந்த மிசின் சோலி ஒண்டும் என்னட்டைக் கேக்காதையுங்கோ. நீங்களே பாத்து எடுங்கோ எல்லாத்தையும்."

இதைச் சொல்லும்போது அழவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டு சொன்னாள். அழுதிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். எனக்காக அல்லவா அவள் அந்த அடுப்பைத் தெரிந்தெடுத்தாள். நான் விழுந்துகிடந்த இடத்தைப் பார்த்து, தன் மூக்கில்லாத பயத்தையும் பார்த்து, எல்லாம் யோசித்துத் தெரிந்தெடுத்தாள். அவள் தெரிந்தெடுத்ததில் ஒரு பிழையும் இல்லை. பாவம், அவளுக்குத் தன் தலையிலேயே நம்பிக்கை போய்விட்டது.

லொறி வரமுன் சொல்லவேண்டும். நாளைக்குச் சொல்வேன்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

சொல்லவில்லை.

ஏப்ரல் 4, சனி

இதை எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதவேண்டும்.

பவளம் எள்ளுருண்டை பிடித்துக்கொண்டு க்ளென் வீட்டுக்கு, அவர் மனிசி டொரீனிடம் போனாள். ஈஸ்டருக்கும் கிறிஸ்மசுக்கும் அவள் செய்கிறது. போன சுறுக்கில் பெட்டியோடு திரும்பி வந்தாள், சிரித்துக்கொண்டு.

"டொரீன் வாசலிலயே மறிச்சுப்போட்டா. கல்கரியில இருந்து மகள் குடும்பம் வந்து நிக்குது. பேத்திக்கு எள்ளு கூடாதாம். வாயில பட்டாலே மூச்சு அடைக்குமாம், ஊசி கையோட கொண்டு திரியினமாம். பாவம், சின்னப் பிள்ளை. இனி உதை நாங்களே தின்னுவம்."

அவள் பெட்டியை மேசையில் வைத்தாள்.

"க்ளென்ர பகிடியைக் கேளுங்கோவன். மத்தியானம் பான்கேக் சுடுகினமாம். எங்கட முதல் போத்திலைப் பேத்தி வரும்வரைக்கும் ஒளிச்சு வைச்சவராம். ஒயில் மணக்கிற பாணியைப் பிள்ளைக்குக் குடாதை எண்டு சொன்னன். மனிசன் கேட்டாத்தானே."

எழும்பிப் போனை எடுத்தேன். அடித்து அடித்து நின்றது. கார்த் திறப்பு எங்கே என்று தெரியவில்லை. மேலங்கியும் இல்லாமல் வயலுக்குக் குறுக்கே ஓடினேன். சேறு, உருகாத பனி, இரண்டு தரம் விழுந்தேன். பின்னால் பவளம் என்னப்பா என்னப்பா என்று கத்திக்கொண்டு வந்தாள். நெஞ்சு நோகவில்லை என்று எழுத வந்தேன். நொந்தது. நன்றாக நொந்தது. போன வருசமும் அப்படித்தான் நொந்தது.

தட்டாமல் கதவைத் திறந்தேன். எல்லாரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். போத்தல் க்ளெனுடைய கையில். சிவப்புச் சட்டை போட்ட பிள்ளை ஒன்று முள்ளுக்கரண்டியோடு தட்டை நீட்டிக்கொண்டு இருந்தது. பாய்ந்து போத்தலைப் பறித்தேன். பாணி மேசையெல்லாம் ஊற்றுப்பட்டது. பிள்ளை பயந்து கத்தியது.

என்ன, என்ன என்று கேட்கிறார்கள். எனக்கு மூச்சு வரவில்லை. நல்லெண்ணெய் என்றேன். அவர்களுக்கு விளங்கவில்லை. திரும்பவும் நல்லெண்ணெய் என்றேன். அதற்கு ஆங்கிலம் அந்த நேரம் எனக்கு ஓடவில்லை, டொரீன் நான் ஏதோ கும்பிடுகிறேன் என்று நினைத்தாள். பிறகுதான் வந்தது.

"செசமி ஒயில்" என்றேன். "செசமி ஒயில் இருக்கு இதில. நான்தான் ஊத்தினனான்."

டொரீனுடைய மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குசினிக் குழாயடிக்கு ஓடினாள். கையையும் வாயையும் கழுவக் கழுவ, சாப்பிட்டியா, நக்கினாயா என்று கேட்டுக்கொண்டே நின்றாள். பிள்ளை இல்லை இல்லை என்று அழுதது. சாப்பிடவில்லை. கடவுளே, சாப்பிடவில்லை. டொரீன் மேசையில் இருந்த தட்டுகளை அப்படியே வாரிக் குப்பைப் பையில் போட்டாள். க்ளென் கதிரையில் இருந்தபடி, எப்போது ஊற்றினாய் என்று கேட்டார். முதல் நாள் என்றேன். அப்படியென்றால் அடுப்பு, என்று தொடங்கி என் பின்னால் பார்த்து நிறுத்தினார்.

திரும்பினேன். பவளம் கதவடியில் நின்றாள். சேற்றுக் காலோடு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

வீட்டுக்கு வருகிற வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். விழுந்துவிடுவேன் என்ற பயம். வீட்டு வாசலில் வந்துதான் கையை விட்டாள்.

"நான் ஒயில் மணக்குதோ எண்டு கேட்டன்" என்றாள். "நீங்கள் எண்ணெய் மணக்குது எண்டு சொன்னியள்."

"ஓம்."

"என்ன அருமையாச் சொன்னியள்."

ஏப்ரல் 5, ஞாயிறு

காலமை எழும்பும்போது அவள் வீட்டில் இல்லை. கொட்டிலில் உறுமல் கேட்டது. போய்ப் பார்த்தேன். அந்தப் பீப்பாய்ப் பாணியைத் தூரக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டாள். சட்டிகளைச் சுடுதண்ணீரால் தேய்த்துக் கழுவி, புதுச் சாறு விட்டு, எண்ணெய் அடுப்பை மூட்டியிருந்தாள். செவ்வாய்க்கிழமை லொறி வரத் தேவையில்லை என்று கடைக்காரருடைய போனில் சொல்லி வைத்துவிட்டாளாம். கம்பனிக்காரருக்கு நீங்கள்தான் சொல்லவேண்டும் என்றாள். சொல்கிறேன் என்றேன்.

பேத்தி சுகமாக இருக்கிறது. டொரீன் பவளத்தோடு கதைத்திருக்கிறாள். என்னைப் பற்றி என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

விறகுக் குவியலடிக்குப் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாயில் நிறையச் சொற்கள் வைத்திருந்தேன், எல்லாம் நல்ல தமிழ்ச் சொற்கள். அவள் நுரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் சுட்ட இடம் கறுத்துப்போய் இருந்தது.

"ஒண்டு கேக்கிறன்" என்றாள். "அந்தப் பிள்ளைக்கு எள்ளு ஒத்துக்கொள்ளுமெண்டா, எனக்குச் சொல்லியிருப்பியளோ?"

ஓம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் அடுப்பை விட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லை" என்றேன்.

"சரி" என்றாள்.

பிறகு சுவிச்சைத் தணித்துவிட்டு மேலங்கியை எடுத்துப் போட்டாள். எங்கே போகிறாய் என்று கேட்டேன். பாணி பதத்துக்கு வருகிறது, க்ளென் வந்து மணந்து பார்க்கிறேன் என்று சொன்னவர், கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள். வயல் வழியாக நடந்து போனாள்.

நான் சட்டியடியில் நின்றேன். ஆவி முகத்தில் அடித்தது. நல்ல பாணி மணம், வேறு ஒரு மணமும் இல்லை. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.